கட்டிங் வீலில் தமிழ் வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கரூரில் சின்னதாக ஒரு வெல்டிங் பட்டறை நடத்துகிறேன். கேட், கிரில், தகர ஷெட், மாடிப்படிக் கைப்பிடி, இதுதான் வேலை. அதற்கு முன்னால் 11 வருஷம் பஸ் பாடி கட்டும் பட்டறைகளில் இருந்தேன், ஹெல்பராக உள்ளே போய் ஃபிட்டராக வெளியே வந்தேன். ஆக 26 வருஷமாகக் கையில் கிரைண்டர் இருக்கிறது, கட்டிங் வீல் என்ற வட்டத் தட்டை மாட்டி இரும்பை வெட்டும் மிஷின். அந்த வீலில் இருக்கும் எச்சரிக்கையைத் தமிழிலும் போட வேண்டும் என்று கேட்கத்தான் இந்தக் கடிதம். காலையில் டீக்கடையில் உங்கள் பத்திரிகையைப் பார்த்துவிட்டுத்தான் ஷட்டரைத் தூக்குவது வழக்கம். அவ்வப்போது அதில் நாலு வரியில் ஒரு செய்தி வரும், மரம் அறுக்கும்போது இயந்திரம் கழுத்தில் பாய்ந்து தச்சுத் தொழிலாளி பலி, கம்பி வெட்டும்போது பிளேடு தெறித்து வாலிபர் படுகாயம் என்று. படிக்கிறவர்களுக்கு ஏதோ மிஷின் தானாகப் பாய்ந்த மாதிரி இருக்கும். அந்த மிஷினில் அன்றைக்கு மாட்டியிருந்தது என்ன வீல், அந்த மிஷினுக்கு உரிய வீல்தானா, மேலே கார்டு (வீலை மூடியிருக்கும் பாதுகாப்புத் தகடு) இருந்ததா கழற்றி வைத்திருந்தார்களா என்பது எதுவும் வராது. எங்களுக்கு வேண்டியதே அந்த விவரம்தான். கடிதம் கொஞ்சம் நீளமாகிவிட்டது, இடம் இல்லை என்றால் எங்கே வேண்டுமானாலும் வெட்டிக்கொள்ளுங்கள், வீல் நடுவில் இருக்கும் வளையத்தைப் பற்றி எழுதியிருப்பதை மட்டும் வெட்டிவிடாதீர்கள்.

2022 ஆடி மாசம். நான் சைட்டில் அளவெடுக்கப் போயிருந்தேன். பட்டறையில் இருந்தவன் 20 வயதுப் பையன், வேலைக்கு வந்து எட்டு மாசம், நல்ல சூட்டிகை, சொன்னதைச் செய்வான், சொல்லாததையும் இழுத்துப் போட்டுச் செய்வான். ஒன்றரை இன்ச் ஆங்கிள் இரும்பு வெட்டிக்கொண்டிருந்தவனுக்கு 4 இன்ச் வீல் தீர்ந்துபோயிருக்கிறது. அலமாரிக்கு அடியில் ஒரு பெட்டியில் 5 இன்ச் வீல் கிடந்தது. ஒரு ஹார்டுவேர் கடையில் பழைய சரக்கு என்று பாதி விலைக்குக் கொடுத்தது, வாங்கிப் போட்டவன் நான். எங்களிடம் இருப்பது ஏஜி ஃபோர் மிஷின், 4 இன்ச் வீலுக்கான சின்ன கிரைண்டர். அதில் கார்டு இருந்தால் 5 இன்ச் வீல் உள்ளேயே போகாது. அதனால் கார்டைக் கழற்றிவிட்டான். 4 இன்ச் வீலின் ஓட்டை 16 மில்லிமீட்டர், 5 இன்ச் வீலின் ஓட்டை 22. அந்த இடைவெளிக்கு ஒரு வாஷரை வளைத்துச் செருகி நட்டை முறுக்கியிருக்கிறான். இரண்டு ஆங்கிள் வெட்டியிருக்கிறான், மூன்றாவதில் வீல் உடைந்தது. ஒரு துண்டு தாடைக்குக் கீழே கிழித்துக்கொண்டு போய்ப் பின்னால் தகரத்தில் அடித்து விழுந்தது. 14 தையல். இரண்டு விரல் தள்ளிக் கழுத்து நரம்பு, டாக்டர் தன் கழுத்திலேயே விரல் வைத்துக் காட்டினார். அவன் அம்மா ஆஸ்பத்திரி வராந்தாவில் என்னைப் பார்த்து "உங்களை நம்பித்தானே சாமி விட்டேன்" என்று கேட்டது இன்னும் காதிலேயே இருக்கிறது.

அன்றைக்கு ராத்திரி தனியாக வந்து தரையைக் கூட்டினேன். துண்டுகள் மூலைக்கு ஒன்றாகக் கிடந்தன. மிஷினில் நட்டுக்கு அடியில் வீலின் நடுப்பகுதி மட்டும் பிடித்துக்கொண்டிருந்தது, உள்ளங்கையில் பாதி அளவு. அதைக் கழற்றினேன். ஓட்டையைச் சுற்றி மெல்லிசாக ஒரு தகர வளையம். எத்தனை ஆயிரம் வீல் மாட்டியிருப்பேன், அந்த வளையம் ஓட்டை தேயாமல் இருப்பதற்குப் போட்டது என்றுதான் நினைத்துக்கொண்டிருந்தேன். கருப்புத் தூளைக் கட்டை விரலால் தேய்த்துவிட்டு செல்போன் வெளிச்சத்தில் பார்த்தால் பொடி எழுத்தில் குத்தியிருக்கிறது, ‘வி’ என்று ஒரு எழுத்து, பக்கத்தில் 04/2018. அதுதான் அந்த வீலின் கடைசித் தேதி. 2018 ஏப்ரலோடு முடிந்துபோன வீலை 2022 ஆடியில் அந்தப் பையன் முகத்துக்கு நேராக ஓட்டியிருக்கிறான். 22 வருஷ அனுபவம் என்று சொல்லிக்கொண்டிருந்த எனக்கு, வீலுக்குத் தேதி உண்டு என்பதே அன்றைக்குத்தான் தெரியும்.

கல்லுக்கு எதுக்குத் தேதி என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் கேட்டேன். கையில் பிடித்து ஓட்டுகிற கட்டிங் வீல், கிரைண்டிங் வீல் எல்லாம் வெறும் கல் கிடையாது. அராவுகிற மணிகளை ஒரு வகைப் பிசினில் கலந்து, நடுவில் கண்ணாடி நூல் வலை வைத்து, அழுத்தி, அடுப்பில் வேக வைத்து எடுத்தது. மணி கெடாது, பிசின் கெடும். காற்றில் இருக்கும் ஈரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக இழுத்துக்கொண்டு மணியைப் பிடித்திருக்கும் பிடி தளரும். அதனால்தான் தயாரித்த நாளிலிருந்து 3 வருஷம் என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். நமுத்துப்போன முறுக்கு பார்வைக்கு முறுக்கு மாதிரியேதான் இருக்கும், வாயில் போட்டால்தான் தெரியும். வீலும் அப்படித்தான், ஓட்டினால்தான் தெரியும். ஐப்பசி மழையில் ஒழுகும் ஷெட்டில், சுவர் ஓரம், சாக்கு மேலே வீல் பெட்டியை வைத்திருக்கும் பட்டறைகள் எத்தனை என்று எனக்குத் தெரியும். அங்கே எல்லாம் அந்த 3 வருஷம்கூடத் தாங்காது.

பெஞ்ச் கிரைண்டரில் மாட்டும் சாணைக்கல் வேறு ஜாதி. அது பானை மாதிரி சூளையில் சுட்டது. அதைச் சோதிக்கப் பானையைச் சோதிக்கிற வழியே போதும். ஓட்டையில் விரலை விட்டுத் தொங்கவிட்டு, ஸ்க்ரூ டிரைவரின் கட்டைப் பிடியால் லேசாகத் தட்டினால் நல்ல கல் ‘ணங்’ என்று பேசும், விரிசல் விட்ட கல் ‘சொத்’ என்று அடங்கிப்போகும். சந்தையில் பானையைத் தட்டிப் பார்க்காமல் யாரும் காசு கொடுப்பதில்லை. ஆனால் இந்தப் பிசின் வீலைத் தட்டினால் நல்லதும் அப்படி ஒலிக்காது, கெட்டதும் ஒலிக்காது. காதால் கண்டுபிடிக்க முடியாது, கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, விரலால் தடவியும் தெரியாது. விரிசல், ஓரம் உதிர்ந்தது கண்ணுக்குத் தெரியும், பிசின் கெட்டது தெரியாது. அதைச் சொல்லும் ஒரே இடம் அந்த வளையத்தில் குத்தியிருக்கும் தேதிதான்.

வளையம் மட்டுமில்லை, வீலின் முகத்தில் ஒட்டியிருக்கும் தாளிலும் ஏகப்பட்ட விஷயம் இருக்கிறது. அந்த விபத்துக்கு அப்புறம் ஒரு மாசம் உட்கார்ந்து, இன்ஜினியரிங் படித்த என் அக்கா மகனைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு எழுத்தாகக் கேட்டுத் தெரிந்துகொண்டேன். விநாடிக்கு 80 மீட்டர் என்று போட்டிருக்கும். வீலின் ஓரம் அந்த வேகத்துக்கு மேலே போகக் கூடாது என்று அர்த்தம், மணிக்கு 288 கிலோமீட்டர். அதைக் காட்டத்தான் பல வீல்களில் சிவப்புப் பட்டை. பக்கத்திலேயே ஒரு சுற்று எண்ணிக்கை இருக்கும். 4 இன்ச் வீலுக்கு 15,300 சுற்றுக்கு மேலே போகக் கூடாது, 5 இன்ச்சுக்கு 12,200, 7 இன்ச்சுக்கு 8,500. வீல் பெரிதாகப் பெரிதாக எண்ணிக்கை இறங்குகிறது பாருங்கள். ஏஜி ஃபோர் மிஷின் சும்மா ஓடும்போது நிமிஷத்துக்குச் சுமார் 11,000 சுற்று. அதில் 4 இன்ச் வீல் போட்டால் ஓரம் விநாடிக்கு 58 மீட்டர்தான் போகும், பத்திரம். சீக்கிரம் வெட்டும் என்று அதிலேயே 7 இன்ச் வீலைப் போடுகிறவர்கள் இருக்கிறார்கள், நானே பார்த்திருக்கிறேன். கணக்குப் போட்டால் விநாடிக்கு 104 மீட்டர், மணிக்கு 370 கிலோமீட்டருக்கு மேலே. வீல் தாங்காது என்று வீலிலேயே எழுதியிருக்கிறது. எங்கள் பையனுடைய 5 இன்ச் வீல் வேகக் கணக்கில் உள்ளேதான் இருந்தது, ஆனால் வாஷர் செருகிய வீல் நடு தப்பிச் சுற்றும், ஒவ்வொரு சுற்றிலும் அடி வாங்கும், தேதி முடிந்த பிசின் அதை எத்தனை நேரம் தாங்கும். கார்டு இருந்திருந்தால் அந்தத் துண்டு அவன் பக்கம் வந்திருக்காது.

தாளில் சின்னச் சின்னப் படங்களும் இருக்கும், கண்ணாடி போட்ட முகம், கையுறை, குறுக்கே கோடு போட்ட வீல். படம் போட்டிருக்கிறார்களே அப்புறம் என்ன என்று ஒரு கடைக்காரர் கேட்டார். நான் பட்டறையில் நாலு பேரிடமும் அந்தப் படங்களைக் காட்டி என்னவென்று கேட்டேன். கண்ணாடியும் கையுறையும் சொன்னார்கள். வீலைச் சாய்த்து வைத்துக் குறுக்கே கோடு போட்ட படத்துக்கு ஒருவரும் சரியாகச் சொல்லவில்லை, கம்பெனி முத்திரை என்றான் ஒருவன். கட்டிங் வீலைப் பக்கவாட்டில் வைத்துத் தேய்க்காதே என்பதுதான் அந்தப் படம். 1 மில்லிமீட்டர் கனமுள்ள கட்டிங் வீலை எடுத்து வெல்டிங் பிசிரைப் பக்கவாட்டில் தேய்க்கிறதை எந்தப் பட்டறையிலும் எந்த நேரமும் பார்க்கலாம். தேய்ப்பதற்கு 6 மில்லிமீட்டர் கனத்தில் தனி வீல் இருக்கிறது. இரண்டையும் மாற்றி மாற்றி மாட்ட ஒரு நிமிஷம் ஆகும், அந்த ஒரு நிமிஷத்தை மிச்சம் பிடிக்கத்தான் இத்தனையும்.

இப்போது நான் கேட்க வந்ததைக் கேட்டுவிடுகிறேன். இந்த எழுத்து முழுக்க ஏன் ஆங்கிலத்தில் மட்டும் இருக்கிறது? கரூர், நாமக்கல், கோவை, திருச்சி, எங்கே போனாலும் இந்த வீலை மாட்டுகிற கை பெரும்பாலும் எட்டாவது, பத்தாவதோடு நின்ற கை. ‘பக்கவாட்டில் தேய்க்காதே, கார்டைக் கழற்றாதே, இந்தத் தேதிக்கு மேலே ஓட்டாதே’, மூன்று வரி. தமிழில் இருந்தால் என் பட்டறைப் பையன் படித்திருப்பான். அவனுக்குத் தமிழ் படிக்க நன்றாக வரும், வாட்ஸ்அப்பில் பக்கம் பக்கமாக எழுதுகிறவன்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் விசாரித்தேன். 1948இல் கொண்டுவந்து 2025 நவம்பர் வரை நடப்பில் இருந்த தொழிற்சாலைச் சட்டத்தின் 30ஆவது பிரிவிலேயே இருந்தது, சாணை வேலை நடக்கும் தொழிற்சாலையில் ஒவ்வொரு மிஷினுக்குப் பக்கத்திலும் அந்த வீலின் ஓரம் எந்த வேகம் வரை போகலாம் என்று அறிவிப்பு ஒட்டியிருக்க வேண்டும். அதே சட்டத்தின் 108ஆவது பிரிவு, தொழிற்சாலையில் வைக்கும் அறிவிப்புகள் ஆங்கிலத்திலும், அங்கே வேலை செய்பவர்களில் பெரும்பாலோருக்குப் புரியும் மொழியிலும் இருக்க வேண்டும் என்றது. எழுதினவர்கள் விவரம் தெரிந்துதான் எழுதியிருக்கிறார்கள். ஆனால் நாலு பேர் வேலை செய்யும் என் பட்டறை அந்தச் சட்டப்படி தொழிற்சாலையாகவே இருக்கவில்லை. என்னைப் போல ரோட்டோரத்தில் ஷெட் போட்டிருப்பவர்கள், வீட்டுக்கு வீடு போய் வேலை செய்யும் தச்சர்கள், டைல்ஸ்காரர்கள், பிளம்பர்கள் யாருக்கும் சுவரில் அறிவிப்பு கிடையாது. எங்களுக்கு இருக்கிற ஒரே அறிவிப்புப் பலகை அந்த வீல்தான்.

வீலில் என்ன மொழி போட வேண்டும் என்று கேட்டால், பெட்டியில் அடைத்து விற்கும் பொருளுக்கு 2011ஆம் வருஷத்து விதிகள் இருக்கின்றன. விலை, எண்ணிக்கை, தயாரித்த மாதம் மாதிரி விவரங்களை இந்தியிலோ ஆங்கிலத்திலோ போட்டால் போதும் என்கிறது. கூடவே வேறு மொழியிலும் போட்டுக்கொள்ளலாம், தடை இல்லை என்றும் அதே விதி சொல்கிறது. ஆக, தமிழ் போட யாரும் யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை. பூச்சிமருந்துக்கு இது எப்போதோ நடந்துவிட்டது. 1971 விதிகளின்படி பூச்சிமருந்தோடு வரும் சீட்டில் இந்தி, ஆங்கிலத்தோடு வட்டார மொழியும் இருக்க வேண்டும், டப்பாவில் விஷத்தின் கடுமையைக் காட்ட வண்ண முக்கோணம் இருக்க வேண்டும். எங்கள் ஊர் விவசாயியிடம் சிவப்பு முக்கோணம் என்றால் என்ன என்று கேளுங்கள், டக்கென்று சொல்வார். கேஸ் சிலிண்டர் கழுத்தில் ஏ, பி, சி, டி என்று எழுத்தும் வருஷமும் போட்டிருப்பது மறுசோதனைத் தேதி என்று வீட்டில் பெண்களுக்குத் தெரிகிறது. யாரோ விளக்கிச் சொன்னதால் தெரிந்தது, பத்திரிகைகளுக்கும் அதில் பங்கு உண்டு. வீலிலும் பெரும்பாலும் 01, 04, 07, 10 என்று கால் வருஷக் கணக்கில்தான் வருகிறது. சிலிண்டரைப் பார்க்கத் தெரிந்த கண்ணுக்கு இதைப் பார்க்கக் கற்றுக்கொடுக்க அஞ்சு நிமிஷம் போதும்.

இன்னொரு விஷயம், இது எனக்கு ரொம்பவே உறைத்தது. வீலில் ‘ஏ’ என்று ஒரு எழுத்து இருக்கும், அலுமினியம் ஆக்சைடு மணி என்று அர்த்தம். பாக்சைட் மண்ணை மின் உலையில் உருக்கிச் செய்வது. பூமியில் அதே பொருள் இயற்கையாகக் கிடைத்தால் அதற்கு ஆங்கிலத்தில் கோரண்டம் என்று பேர். அந்தப் பேர் எங்கிருந்து போனது என்று அகராதியில் பார்த்தால் தமிழ் என்று போட்டிருக்கிறது, நம்முடைய குருந்தம். மாணிக்கமும் நீலமும்கூடக் குருந்தம்தான், நிறம் ஏறிய குருந்தம். நமக்குப் பழக்கமான இயற்கைக் கற்களில் வைரத்துக்கு அடுத்த கடினம் அதற்கு. எங்கள் ஊரிலிருந்து காவிரியைத் தாண்டினால் நாமக்கல் மாவட்டம், அங்கே சித்தம்பூண்டிப் பக்கத்துப் பாறையில் குருந்தக்கல் கிடைக்கிறது (சந்திரயானுக்கு நிலாமண் மாதிரி ஒரு மண் வேண்டும் என்று இஸ்ரோக்காரர்கள் கல்லெடுத்துப் போன அதே சித்தம்பூண்டி). அந்தக் காலத்தில் குருந்தப் பொடியை அரக்கில் குழைத்துச் சக்கரமாக வார்த்துத்தான் கத்திக்கும் ரத்தினக் கல்லுக்கும் சாணை பிடித்திருக்கிறார்கள். இன்றைய வீல் மணியும் பிசினும் என்றால், அது குருந்தமும் அரக்கும், வேறென்ன வித்தியாசம். 1891இல் அமெரிக்காவில் அச்சிசன் என்பவர் களிமண்ணையும் கரியையும் மின்சாரத்தில் காய்ச்சும்போது புதிதாக ஒரு கடினமான பொருள் கிடைத்தது. கரியும் குருந்தமும் சேர்ந்து உண்டானது என்று நினைத்து அவர் அதற்குக் கார்போரண்டம் என்று பேர் வைத்தார். வீலில் ‘சி’ என்று போட்டிருப்பது அதுதான், கல், டைல்ஸ், கண்ணாடிக்கு ஆகும். ஊர் உலகமெல்லாம் நம் வார்த்தையைத்தான் பாதி வாயில் சொல்லிக்கொண்டிருக்கிறது. அந்த வீல் நம் ஊருக்கு வரும்போது அதில் தமிழில் ஒரு வரி இல்லை. சென்னையிலும் ஓசூரிலும் வீல் ஆலைகள் இருக்கின்றன, அங்கே அச்சடிக்கத் தமிழ் எழுத்துக்கா பஞ்சம்?

படிக்கத் தெரியாமலேயே வேலையைக் கரைத்துக் குடித்தவர்கள் இருந்தார்களே என்று கேட்கலாம். இருந்தார்கள், அவர்களிடம்தான் நான் கற்றேன். பஸ் பாடியில் பட்டி வேலை பார்த்த ஒரு பெரியவர், இங்கிலீஷ் எழுத்து ஒன்றுகூடத் தெரியாது. உப்புத்தாளைக் கட்டை விரலில் ஒரு தடவு தடவிவிட்டு இது எண்பது, இது நூற்றிருபது, இது இருநூற்றிருபது என்று சொல்லுவார், தாளின் முதுகைத் திருப்பிப் பார்த்தால் சரியாக இருக்கும். அந்த எண் சல்லடைக் கணக்கு என்று அவர்தான் சொல்லிக்கொடுத்தார். ஒரு இன்ச்சுக்கு எத்தனை கண் உள்ள சல்லடையில் மணி சலித்தது என்பதுதான் எண். எண் ஏற ஏற மணி பொடி. எண்பதில் தேய்த்த இடத்தில் நேரே நானூறுக்குத் தாவக் கூடாது, எண்பது போட்ட கீறல் நானூறுக்கு அடங்காது, பெயின்ட் ஏறி வெயிலில் நிற்கும்போது பஸ்ஸின் இடுப்பில் கோடு கோடாகத் தெரியும். படிப்படியாக ஏறணும். வாட்டர் பேப்பரைச் சோப்புத் தண்ணி வாளியில் ஊறப்போட்டு, கட்டையில் சுற்றித் தேய்த்து, தண்ணியை வழித்துவிட்டு, கண்ணை மூடிக்கொண்டு உள்ளங்கையால் பஸ்ஸின் பக்கவாட்டை ஒரு கோடியிலிருந்து இன்னொரு கோடி வரைக்கும் தடவிக்கொண்டே நடப்பார். கண் ஏமாத்தும் தம்பி, கை ஏமாத்தாது என்பார். ஓரிடத்தில் நின்றுவிட்டால் அங்கே மேடு இருக்கிறது, நாங்கள் மறுபடியும் தாளை எடுக்க வேண்டியதுதான்.

அவரிடம் நாலு வருஷம் நின்றதால் எனக்கு அது வந்தது. இப்போது அப்படி யார் நிற்கிறார்கள்? பையன்கள் ஆறு மாசம் இங்கே, மூன்று மாசம் திருப்பூரில், அப்புறம் டெலிவரி வேலை. கான்ட்ராக்டர் ஆள் வாரத்துக்கு ஒரு முகம். பீகார், ஒடிசாவிலிருந்து வந்த தம்பிகள் நிறைய, அவர்களுக்கு நான் சொல்வதும் பாதிதான் புரியும், எனக்கு அவர்கள் கேட்பது பாதிதான் புரியும். (அவர்களுக்காக இந்தியிலும் போடட்டும், நான் வேண்டாம் என்று சொல்லவில்லை, உயிர் எல்லோருக்கும் ஒன்றுதான்.) வாய் வழியாகக் கைக்கு வந்த வித்தை நின்றுபோன இடத்தில் எழுத்துதான் வாத்தியாராக நிற்க வேண்டும். அந்த எழுத்து புரியாத மொழியில் இருந்தால் வாத்தியார் இல்லாத பள்ளிக்கூடம்தான்.

படிக்காததால் போவது ரத்தம் மட்டுமில்லை, பணமும் போகிறது. ஒரு வீட்டுக்கு எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கைப்பிடி போட்டுக் கொடுத்தேன். முதல் மழை முடிந்ததும் ஜாயின்ட்டைச் சுற்றி அங்கங்கே பழுப்புப் புள்ளி. டூப்ளிகேட் பைப்பைத் தலையில் கட்டிவிட்டாய் என்று வீட்டுக்காரர் சத்தம் போட்டார். 304 கிரேடு பைப், பில் என்னிடம் இருந்தது, காட்டினேன், அவர் நம்பவில்லை, நான் கைக்காசைப் போட்டு மறுபடியும் பாலிஷ் செய்து கொடுத்தேன். பைப் மேல் குற்றமே இல்லை. இரும்பு கேட்டைத் தேய்த்த அதே ஃபிளாப் வீலை (உப்புத்தாள் துண்டுகளை அடுக்கிச் செய்த வீல்) எடுத்து எஸ்எஸ்ஸில் தேய்த்திருக்கிறோம், வீலில் ஒட்டியிருந்த இரும்புத்தூள் எஸ்எஸ்ஸில் ஏறி, மழை பட்டதும் அது துருப்பிடித்தது. எஸ்எஸ்ஸுக்கு என்று வரும் வீலில் ‘ஐநாக்ஸ்’ என்று போட்டிருக்கும், இரும்பும் கந்தகமும் குளோரினும் கலக்காதது என்று அர்த்தம். ஐநாக்ஸ் என்றால் சினிமா தியேட்டர் பேர் என்றுதான் எங்கள் பட்டறையில் எல்லோருக்கும் தெரியும். இப்போது எஸ்எஸ் வீலுக்குத் தனி டப்பா, மூடியில் சிவப்புத் துணி.

மரம் அறுக்கிற பல் பிளேடைப் பற்றியும் சொல்லியாக வேண்டும், நாலு வரிச் செய்திகளில் கழுத்து அறுபட்டது என்று வருவதில் நிறைய அதுதான் என்று நினைக்கிறேன். ஏஜி ஃபோர் மிஷினில் பல் வைத்த பிளேடை மாட்டி பிளைவுட், பலகை, மரக்கிளை அறுக்கிறார்கள். கட்டிங் வீல் தேய்த்து வெட்டும், பல் பிளேடு கடித்து வெட்டும். கடித்த பல் மரத்தில் மாட்டினால் மிஷின் ஆளை நோக்கித்தான் எகிறும். மரத்துக்கு என்று இருக்கும் ரம்ப மிஷினில் அதைத் தடுக்க அடித்தட்டும் தானாக மூடும் கார்டும் இருக்கின்றன, கிரைண்டரில் அது எதுவும் கிடையாது. அந்தப் பிளேடை கிரைண்டர் பக்கத்திலேயே தொங்கவிட்டு விற்கிறார்கள். விற்கிற தம்பிக்கும் தெரியாது, வாங்குகிற அண்ணனுக்கும் தெரியாது.

கிரானைட்டையும் டைல்ஸையும் தண்ணி விடாமல் உலர்வாக அறுப்பவர்களின் நுரையீரலில் சேரும் தூசி தனிக் கதை. அதனால் சிலிகோசிஸ் என்ற நுரையீரல் நோய் வந்தால் குணப்படுத்த மருந்தே இல்லை. கிச்சன் மேடைக்குப் போடும் செயற்கைக் கல்லை 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவில் இந்தத் தூசிக்காகவே தடை செய்துவிட்டார்கள். அந்த வேலை செய்பவர்கள் யாராவது உங்களுக்கு விரிவாக எழுத வேண்டும், நான் இரும்புக்காரன்.

என் பட்டறையில் என்ன செய்திருக்கிறேன் என்று சொல்லிவிடுகிறேன். பெயின்டரைக் கூப்பிட்டு உள்சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு வீல் வரைந்து, ஒவ்வொரு எழுத்துக்கும் அம்புக்குறி போட்டுத் தமிழில் எழுதி வைத்திருக்கிறேன். புது வீல் மாட்டினால் ஒரு நிமிஷம் யார் பக்கமும் திருப்பாமல் சும்மா ஓட விட வேண்டும். கார்டைக் கழற்றினால் அன்றைக்குச் சம்பளம் கொடுத்து வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். கார்டு உள்ளே போகாத வீல் எதுவும் பட்டறைக்குள் வராது. வீல் வாங்கும்போது கடையிலேயே பெட்டியைப் பிரித்து வளையத்தைப் பார்ப்பேன், எழுத்தே இல்லாத வளையம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆரம்பத்தில் ஒரு கடைக்காரர் "ஏனுங்ண்ணா, மாத்திரையா வாங்கறீங்க, தேதி பாக்கறதுக்கு?" என்று கேட்டார். என் பையனின் தாடையைக் காட்டினேன். அதற்கப்புறம் அவரே புதுச் சரக்கை முன்னால் எடுத்து வைக்கிறார், பழசைக் கம்பெனிக்குத் திருப்பி அனுப்ப முடியுமா என்று கேட்டிருக்கிறார்.

அந்தப் பையன் மூன்று மாசம் கழித்து என்னிடமே வேலைக்கு வந்தான். திங்கட்கிழமை காலையில் வீல் டப்பாவைக் கொட்டி ஒவ்வொரு வளையத்தையும் பார்ப்பது இப்போது அவன் வேலை, நான் சொல்லிக்கொடுக்கவில்லை, அவனாக எடுத்துக்கொண்டான். தேதி தாண்டிய வீலைத் தூக்கிப் போடும்போது சுத்தியலால் இரண்டாக உடைத்துவிட்டுத்தான் போடுவான். குப்பையிலிருந்து யாராவது எடுத்துக்கொண்டு போய் ஓட்டிவிடக் கூடாதாம்.

வீல் செய்யும் கம்பெனிக்காரர்கள் உங்கள் பத்திரிகையைப் பார்த்தால் அந்த மூன்று வரியைத் தமிழில் அச்சடிக்கட்டும், 4 இன்ச் வீலில் அதற்கு இடம் இருக்கிறது, அளந்து பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன். அதுவரைக்கும் நீங்கள் ஒரு உதவி செய்ய வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை, அரைப் பக்கத்தில், ஒரு கட்டிங் வீல் படத்தைப் பெரிதாகப் போட்டு, வளையத்தில் தேதி எங்கே இருக்கும், வேகம் எங்கே இருக்கும், குறுக்குக் கோடு போட்ட படத்துக்கு என்ன அர்த்தம் என்று தமிழில் அம்புக்குறியோடு போடுங்கள். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும், கத்தரித்துப் பட்டறைச் சுவரில் ஒட்டினால் மிஷினைப் பிடித்துக்கொண்டு நிற்கிற இடத்திலிருந்தே படிக்க வேண்டும். என் சுவரில் இருக்கும் படம் வேண்டுமானால் போட்டோ எடுத்து அனுப்புகிறேன்.

இப்படிக்கு,
வெல்டிங் பட்டறை நடத்தும் வாசகர்,
கரூர்.